கள்வனும் காவலனும் நாவலும்: மாத்தளைப் பெருவழியை முன்வைத்து ஒரு நோக்கு

நாவல் என்னும் இலக்கிய வடிவம் தமிழுக்கு வந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. இக்காலத்தினுள் காதற் கதைகளும் சமூகச் சீர்திருத்தக் கதைகளும் வரலாற்றுக் கதைகளும் தோன்றிப் பெருகின. துப்பறியும் கதைகளோ எண்ணிக்கையில் இவற்றுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. ஆயினும், ஒரு சிற்றூர்ப் பொலிஸ் நிலையத்தையும் அதன் அன்றாட வேலை முறைகளையும் நடுவாக வைத்து, அவ்வூரைப் பற்றிக்கொண்டிருக்கும் குற்றக் கூட்டமொன்றை அந்நிலையத்தார் படிப்படியாக அணுகும் வகையைச் சித்திரிக்கும் நாவல் தமிழில் மிக அரிது. ஈழத்துத் தமிழில் அது இல்லையென்றே சொல்லிவிடலாம். இவ்வில்லாமைக்கு எழுத்தாளரின் திறமைக் குறைவைக் காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. ஒரு சமுதாயம் யாரைக் கள்வன் என்று அழைத்தது, யாரைக் காவலன் என்று ஏற்றது என்னும் வினாவே இங்கு அடிப்படையானது. அவ்வினாவுக்கு விடை காண மாத்தளையையும் அதனூடாகச் செல்லும் பெருவழியையும் நோக்குதல் பொருத்தமாகும்.

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில், தம்புள்ளைக்குச் செல்லும் வீதியோரத்தில், பாறைகளுக்கிடையே அமைந்தது அலுவிகாரை. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகக் காக்கப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் எழுத்தில் பொறிக்கப்பட்ட இடம் இதுவென மரபு கூறும். போரும் பஞ்சமும் மனனம் செய்தோரை அழித்துவிடும் என்ற அச்சமே அம்முயற்சிக்குக் காரணம் என்பர். எழுத்தின் வரலாற்றில் இத்தகைய சிறப்புடைய அதே ஊரில், 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படையினரால் விகாரையும் அதன் ஏட்டுத் தொகுதியும் சிதைவுற்றன. அதே நாட்களில், இரண்டு மைல் தெற்கே, கிளர்ச்சிக்காரர் மாத்தளைக் கச்சேரியினுள் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தனர். ஒரு தரப்பார் ஏட்டை அழிக்க, மறுதரப்பார் பதிவேட்டை அழித்தனர். கிராமத்தானுக்கு ஏடு எவ்வளவு புனிதமோ, அவ்வளவுக்குப் பதிவேடு வெறுப்புக்குரியதாயிருந்தது. தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் அரசாங்கம் துப்பாக்கி ஒன்றுக்கு இரண்டரைச் சிலிங்கும், நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங்கும், கடைக்கு ஒரு பவுணும் வரியாக விதித்தது; அதன்மேல் வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பு, அல்லது அதற்கு ஈடாக மூன்று சிலிங்கு என்றது. துப்பாக்கி காட்டுப்பன்றியிலிருந்து பயிரைக் காக்கவும், நாய் வீட்டைக் காக்கவும் வேண்டியவை. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் கருவிகளுக்கு வரி கேட்ட ஆட்சி, அவனைக் காப்பதற்கு ஒரு பொலிஸ்காரனையேனும் அவ்வூருக்கு அனுப்பியிருக்கவில்லை.

கிளர்ச்சியின் தலைவர் இருவரின் வாழ்க்கையும் இங்கு ஊன்றி நோக்கத்தக்கவை. 1848 யூலை 26ஆம் நாள் தம்புள்ளையில் மன்னனாக முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டா, பிறப்பால் பேலியகொடையைச் சேர்ந்த டேவிட் என்பவர். கண்டி வீதியில் வண்டிப் போக்குவரத்துத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். ஒருகாலத்தில் பொலிஸிலும் வேலை பார்த்தார் எனச் சொல்லப்படுகின்றது. அவருடைய படைத்தலைவனான புரன் அப்பு, 1812இல் மொறட்டுவையிற் பிறந்த வீரஹன்னதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. கிளர்ச்சிக்கு ஒன்றரை ஆண்டு முன்னர், 1847ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இவரைப் பிடித்துத் தருவோருக்குப் பத்துப் பவுண் வெகுமதி அளிக்கப்படும் என அரசாங்கம் அறிவித்திருந்தது. அவ்வறிவித்தலில் வயது, உயரம், முதுகில் உள்ள தண்டனைத் தழும்பு, அம்மைப்பால் குத்திய வடு என உடலடையாளங்கள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. அக்காலப் பொலிஸ் எழுத்தின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. மனிதனின் நோக்கத்தையோ பின்னணியையோ அது வினவாது. தோலில் எழுதப்பட்டவற்றையே வாசிக்கும்.

யூலை 28ஆம் நாள் மாத்தளை கிளர்ச்சிக்காரர் வசமாயிற்று. மறுநாள் கண்டியிலிருந்து கப்டன் லில்லியின் கீழ் வந்த படை வாரியப்பொலையில் அவர்களைச் சிதறடித்தது. ஏறத்தாழ இருநூறு கிளர்ச்சிக்காரர் மாண்டனர் என்பர்; அரசப் படையிலோ ஒருவர் காயமுற்றதாகவே கூறப்படுகின்றது. இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி ஓகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனைப் போன்ற தலைவர் இன்னும் ஆறுபேர் இருந்திருப்பின் கண்டி மாகாணங்களில் வெள்ளையர் எவரும் எஞ்சியிருக்க மாட்டார் என்னும் பொருள்பட அவன் கூறிய இறுதிச் சொற்களை டொரிங்டனே கிறே பிரபுவுக்கு எழுதினார். பண்டாவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நூறு கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவொன்றின் விசாரணைக்குப் பின் டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். பத்துப் பவுண் விலை மதிக்கப்பட்ட ஒருவன் பின்னர் தேசிய வீரனாகப் போற்றப்பட்டமையும், 1978இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவனைக் குறித்துத் திரைப்படம் எடுத்தமையும் யாவரும் அறிந்தவை. வெகுமதி அறிவித்தல் பொய்யுரைத்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. அவன் மெய்யாகவே சட்டத்துக்கு ஒளித்துத் திரிந்தவனாயிருக்கலாம். சட்டத்துக்கு ஒளித்தோடியவனிடமே மக்கள் தலைமையை ஒப்படைத்தனர் என்பதுதான் கருத்திற் கொள்ள வேண்டியது.

அக்காலக் காவல் ஏற்பாடு எத்தகையது? கிராமங்களில் ஆராச்சி, கோறளை, ரட்டமஹத்தயா முதலான தலைமைக்காரரே பண்டு தொட்டு அமைதி காத்தனர். 1844இல்தான் பொலிஸ் கண்டிக்கும் மலைநாட்டுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அப்பொலிஸும் நகரத்தைச் சுற்றியே நின்றது. தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட நெடுவழிகள் பெரும்பாலும் காவலற்றுக் கிடந்தன. கீழிறங்கும் வண்டிகளில் கோப்பியும், மேலேறும் வண்டிகளில் அரிசியும் கருவாடும் துணியும் சாராயமும் சென்றன. வண்டிக்காரன் இரவில் தங்குமிடம், மாடு அவிழ்க்குமிடம், கள்ளுத் தவறணை ஆகிய ஒவ்வொன்றும் ஒற்றனுக்கு வாய்ப்பான இடங்கள். கொள்ளைக் கூட்டமொன்று தோன்றுவதற்கு இதைவிட உவப்பான சூழல் வேண்டியதில்லை.

அத்தகைய கூட்டமே உத்துவன்கந்தையில் தோன்றியது. 1832இல் பிறந்த தீக்கிரிகேவகே சரதியல் என்பான், கொழும்பில் இராணுவ முகாமொன்றில் சிற்றேவலாளனாயிருந்தான். பின்னர் தாயின் ஊர்ப்பகுதியான மாவனெல்லைக்கு வந்து, கொழும்பு - கண்டி வீதியைப் பார்த்தபடி நிற்கும் அப்பாறைமலையைத் தன் நிலைக்களமாக்கிக் கொண்டான். அவனுடைய நெருங்கிய தோழன் மம்மலே மரிக்கார் என்னும் முஸ்லிம். கூட்டத்தில் வேறு பலரும் இருந்தனர். வீதியிற் செல்வது யாது, எப்பொழுது செல்லும், யாருடையது என்னும் செய்திகள் அவர்களுக்கு முன்கூட்டியே எட்டின. ஊராரிற் சிலர் அச்சத்தாலும், சிலர் பங்கு கிடைத்ததாலும், சிலர் அவனை மெய்யாகவே விரும்பியதாலும் வாய் திறக்கவில்லை. செல்வரிடம் கொள்ளையிட்டு வறியோர்க்கு வழங்கினான் என்னும் கதை இன்றும் அப்பகுதியில் வழங்குகின்றது. வரலாற்றாசிரியர் ஹொப்ஸ்போம் 1969இல் எழுதிய நூலில் 'சமூகக் கொள்ளையர்' என்று வகுத்த இனத்தில் சரதியலைச் சேர்ப்பதில் பலருக்கு விருப்பமுண்டு. முற்றாக ஏற்க முடியாத கருத்து இது. வண்டியோட்டிப் பிழைத்தவனும் சிறு வியாபாரியும் செல்வராகார். கொள்ளையில் அவர்களும் இழந்தனர். இருந்தும், அவனைப் பற்றிய கதையை உருவாக்கியோர் கிராமத்தார். அவர்களுக்கு அப்பெருவழியே அந்நியம். அதிற் செல்லும் பொருளும் அந்நியம்.

சரதியலைப் பிடித்த முறை, பொலிஸ் நாவலாசிரியன் ஒருவன் விரும்பக்கூடிய உறுப்புகள் யாவற்றையும் கொண்டது. வெகுமதி அறிவிக்கப்பட்டது. ஒருமுறை காவலிலிருந்து தப்பியோடியவன் என்பதால் அவனை அணுகுவதில் தயக்கமிருந்தது. கூட்டத்தினுள்ளேயே தகவல் தருவோர் தேடப்பட்டனர். 1864 மார்ச் 21ஆம் நாள் மாவனெல்லையில் வீடொன்றில் சரதியலும் மரிக்காரும் இருப்பதறிந்து, கேகாலைப் பொலிஸார் சிலர் அவ்விடத்தைச் சூழ்ந்தனர். துப்பாக்கிச் சண்டையில் சபான் என்னும் மலாய்க் கான்ஸ்டபிள் உயிரிழந்தார். கேகாலை உதவி அரசாங்க அதிபர் சாண்டர்ஸ், இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவினருடன் வந்த பின்னரே இருவரும் அடங்கினர். ஏப்பிரல் மாதம் கண்டியில் உயர் நீதிமன்ற விசாரணை நடைபெற்றது. மே 7ஆம் நாள் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். பிடிபட்டதற்கும் தூக்குக்கும் இடையில் ஏழு வாரங்கள் கூடக் கழியவில்லை. அத்துணை விரைவுக்குக் காரணம், தோட்டத்துரைமாரும் வணிகரும் ஆண்டுக்கணக்கில் எழுப்பி வந்த முறைப்பாடேயன்றி, சாட்சியத்தின் தெளிவு மட்டுமன்று.

இந்நிகழ்ச்சியிற் பங்குகொண்டோரின் இனப்பரம்பல் தனியே நோக்கற்பாலது. கள்வர் தலைவன் சிங்களவன், அவன் தோழன் முஸ்லிம், இறந்த காவலன் மலாயன், கட்டளையிட்டவன் ஆங்கிலேயன். அக்கால இலங்கைத் துப்பாக்கிப் படையிற் பெரும்பான்மையோர் மலாயரே. 1873இல் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்ட பின்பும் அச்சமூகத்தவர் பலர் பொலிஸ் வேலையை நாடினர். ஆகவே, மலைநாட்டுக் கிராமத்தான் கண்ணில் காவலன் என்பவன் தன் மொழி பேசாத, தன் ஊரிற் பிறவாத ஒருவனாகவே இருந்தான். கள்வனோ சந்தையில் தெரிந்த முகம். கதை கள்வன் பக்கம் சாய்ந்தமைக்கு இதனினும் மிக்க விளக்கம் தேவையில்லை.

மாவனெல்லை நிகழ்ச்சியைத் தொடர்ந்த ஆண்டு சட்ட வரலாற்றில் முக்கியமானது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் நாடளாவிய ஒரு படைக்கு அடித்தளமிட்டது. 1866 செப்டெம்பர் 3ஆம் நாள், இந்தியாவின் இரத்தினகிரிப் பகுதியில் காவற்படை நடத்திய ஜோர்ஜ் வில்லியம் றொபேட் கம்பெல் தலைமை அத்தியட்சகராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு முதலாவது பொலிஸ் மா அதிபரானார். பொலிஸ் வரலாறெழுதியோர் இதனை விரிவாகவே எடுத்துரைப்பர். ஆனால், அதே 1865ஆம் ஆண்டில் 11ஆம் இலக்கத்தின் கீழ் நிறைவேறிய தொழிலாளர் சட்டத்தை இதனுடன் சேர்த்து நோக்குவோர் சிலரே. ஒப்பந்தத்தை முறித்துத் தோட்டத்தை விட்டு வெளியேறும் கூலியாள் அச்சட்டத்தின்படி குற்றவாளியாவான். அவனைப் பிடியாணையிற் பிடித்துச் சிறையிலிடலாம். கொள்ளையரைப் பிடிப்பதற்கென உருவான கைகளுக்கு, அவ்வாண்டிலேயே, ஓடிப்போன தொழிலாளியைப் பிடிக்கும் வேலையும் வாய்த்தது.

இவ்விடத்திலேதான் தமிழர் இவ்வரலாற்றினுள் வருகின்றனர். மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் காட்டு வழியே தம்புள்ளைக்கும் நாலந்தைக்கும் நடந்து, அலுவிகாரைப் பாறைகளைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் பசியும் அவ்வழியில் எத்தனையோ பேரை விழுங்கின. அத்தொழிலாளியின் வாழ்வில் சரதியலைப் போன்ற கள்வன் பெரியதோர் அச்சமாயிருந்திருக்க இயலாது. அவனிடம் பறிப்பதற்கு யாதிருந்தது? கடனும் துண்டுச் சீட்டும் பற்றுச் சீட்டுமே அவனைக் கட்டின. ஒரு தோட்டத்துரை துண்டு கொடுக்காவிடின் மறு தோட்டத்தில் வேலை கிடையாது. கொடாத தோட்டத்திலிருந்து ஓடினால் பொலிஸ். தண்டனைக்குரிய அவ்விதிகள் 1920களின் தொடக்கத்திலேதான் நீங்கின. 1940 யனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸ் சூட்டுக்கு இரையானமை மலையகத் தமிழரின் நினைவில் ஆழப் பதிந்தது. இந்நினைவிலிருந்து எழுதுவோன் பொலிஸ் நிலையத்தைத் தன் கதையின் அன்பான நடுவாகக் கொள்வான் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இனி நாவலுக்கு வருவோம். ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் பொதுவாக ஏற்கப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் சித்திலெவ்வை கண்டியில் வழக்கறிஞர். 1838இற் பிறந்த அவருக்கு, சரதியலும் மரிக்காரும் தூக்கிலிடப்பட்டபோது வயது இருபத்தைந்து. கண்டி நீதிமன்ற வட்டாரத்தில் அவ்வழக்கைப் பற்றி எவ்வளவோ பேச்சு எழுந்திருக்கும். அவை அவர் செவிக்கு எட்டாதிருந்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை. குற்றமும் சூழ்ச்சியும் அவர் நாவலிலும் உண்டு, குழந்தை கடத்தப்படுகின்றது, தீயோர் துரத்துகின்றனர். எனினும் கதை நிகழும் களம் எகிப்தும் இந்தியாவும். கண்ணெதிரே நடந்ததை விட்டு கெய்ரோவுக்குச் சென்றமை ஓர் இழப்பேயென வாதிடலாம். மறுபுறம், தன் சமூகத்தவனான மரிக்கார் தூக்கில் தொங்கிய கதையைச் சமூகச் சீர்திருத்தம் விழைந்த அவ்வறிஞர் எவ்வாறு எழுதியிருப்பார்? முன்மாதிரியான இளைஞனொருவனைப் படைப்பதே அவருக்கு அவசரமான பணியாயிருந்தது.

தமிழ்நாட்டிலோ பொலிஸ்காரன் நாவலினுள் வெகு முன்னரே நுழைந்துவிட்டான். நாட்டார் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற பண்டித நடேச சாஸ்திரி 1894இல் 'தானவன்' என்னும் பொலிஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்களைக் கதையாக்கினார். டிக் டொனவன் என்ற பெயரில் வெளிவந்த துப்பறியும் கதைகள் அந்நாளில் ஆங்கில வாசகரிடையே பரவியிருந்தன. இரு பெயரின் ஒலியொப்புமையும் தற்செயலெனத் தோன்றவில்லை. இதற்கு இரண்டாண்டு முன்னர், 1892இல், கல்கத்தாவில் பிரியநாத் முகோபாத்தியாய் 'தாரோகார் தப்தர்' என்னும் தொடரை வெளியிடத் தொடங்கினார். இவர் மெய்யான பொலிஸ் உத்தியோகத்தர்; மூன்று தசாப்தங்களுக்கு மேல் அவ்வேலையிலிருந்தவர். தாம் கண்ட வழக்குகளை அவர் எழுதியமையால், அக்கதைகளில் வீடு சோதித்தல், சாட்சி விசாரித்தல், அடகுக்கடைகளில் நகை தேடுதல் ஆகிய சலிப்பூட்டும் வேலைகளும் இடம் பெற்றன. அச்சலிப்பே அவற்றின் பலம். தமிழிலும் இவ்விதை முளைத்திருக்கலாம். முளைத்ததோ வேறு செடி. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதில் வரும் துப்பறியும் கோவிந்தன் வாசகரின் கண்ணாளனானான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வழியைப் பெருவீதியாக்கினர். வடுவூராரின் கதைகளில் திகம்பர சாமியார் என்னும் சாமியாரே துப்புத் துலக்குவார். பிற்காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷும் வந்தனர். முன்னவர் தனித் துப்பறிவாளர், பின்னவர் வழக்கறிஞர். பொலிஸ்காரன் கதை முடிவில் விலங்கு பூட்டுவதற்கு மட்டும் வந்து போகும் துணைப்பாத்திரமானான்.

மேல்நாட்டில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. அங்கு துப்பறியும் கதை தனிமனித மேதையிற் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொலிஸ் நிலையத்தை வந்தடைந்தது. எட் மக்பெய்ன் 1956 முதல் ஒரு நிலையத்தாரையே கூட்டாக நாயகராக்கினார். சுவீடனின் ஷோவால், வாலோ இணையர் 1965க்கும் 1975க்கும் இடையில் எழுதிய பத்து நாவல்களில், பொலிஸாரின் களைப்பையும் அவர் பணிபுரியும் அரசின் குறைகளையும் ஒருங்கே காட்டினர். அவ்விணையர் இடதுசாரிகள், பொலிஸை எழுதுவதற்கு அதனைப் போற்ற வேண்டுவதில்லை என்பதை நிறுவியோர். தமிழ் விமரிசகர் சிலர் இவ்வகை எழுத்தை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுவது இதனால் பொருந்தாதாகின்றது. குடியேற்ற நாட்டில் உத்தியோகம் பார்த்த ஒருவரே இதற்கு அணுக்கமானதொன்றை எழுதியமையும் நினைக்கத்தக்கது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவல், வன்னிக்காட்டையொத்த வறண்ட கிராமமொன்றில் தலைமைக்காரனும் கடன் கொடுப்போனும் சேர்ந்து ஒரு குடும்பத்தை எவ்வாறு கொலைவரை தள்ளினர் என்பதைச் சொல்லும். நீதிமன்றத்திற் சாட்சியங்கள் யாவும் ஒழுங்காகவே அமைகின்றன. விளங்க வேண்டியது மட்டும் நீதவானுக்கு எட்டுவதில்லை. விசாரணை முறையின் உள்ளே இருந்தவராலேயே அதன் குருட்டுத்தன்மையை அத்துணை நுணுக்கமாக எழுத முடிந்தது.

ஈழத்துத் தமிழில் அவ்வுள்ளிடத்திலிருந்து எழுதியவர் யார்? தமிழர் பொலிஸிற் சேராதிருக்கவில்லை. நீதிமன்றங்களில் முதலியாராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் எழுதுவினைஞராகவும் தமிழர் நிறைந்திருந்தனர். வாக்குமூலத்தை ஒரு மொழியிற் கேட்டு மற்றொரு மொழியில் எழுதிய அவர்களின் கையில் நாவலுக்குரிய பொருள் குவிந்து கிடந்தது. உத்தியோகம் தந்த பாதுகாப்பும் அதனோடு வந்த வாய்க்கட்டும் அவர்களை மௌனிகளாக்கின போலும்.

கொள்ளைக் கூட்டத்தை ஒழித்த பெருமையை வரலாறு பொலிஸுக்கு வழங்கியது. அதில் ஒரு பங்கு புகையிரதத்துக்கு உரியது. 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரையும், 1867இல் கண்டி வரையும் இருப்புப்பாதை சென்றது. 1880இல் மாத்தளையை அடைந்தது. கோப்பி மூடைகள் வீதியை விட்டு வண்டித்தொடரில் ஏறியபின், பாறை மேலிருந்து வீதியைக் காத்திருப்பதில் பயனில்லை. சில ஆண்டுகளில் கோப்பியே நோய்கண்டு மடிந்தது. தொழில் மாறியபோது குற்றமும் தன் தொழிலை மாற்றிக்கொண்டது. தவறணைக் குத்தகை, சூது, கடனறவீடு எனப் புதிய கூட்டங்கள் நகரங்களில் வேர்விட்டன. இவற்றுக்குக் கதைப்பாட்டு எதுவும் கிடைக்கவில்லை.

மாவனெல்லைக்கு அருகே சரதியலின் பெயரால் மாதிரிக் கிராமமொன்று அமைக்கப்பட்டு, அவனும் அவன் கூட்டாளிகளும் உருவச்சிலைகளாக நிறுத்தப்பட்டுள்ளனர். சபான் இறந்த மார்ச் 21ஆம் நாளைப் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் தன் வீரர் நாளாக அனுட்டிக்கின்றது. கடமையில் உயிர் நீத்த முதற் பொலிஸ்காரர் என்பது அவருக்குரிய தகுதி. அவர் எவ்வூரிற் பிறந்தார், என்ன சம்பளத்துக்கு அவ்வீட்டு வாசலில் நின்றார், சரதியலைப் பற்றி அவர் அறிந்திருந்தது யாது என்பவற்றை எந்தக் கதையும் இதுவரை வினவவில்லை.